ஈரெழுத்து, இருதுறை: மின் வழங்கலிலும் மருந்து ஒழுங்குமுறையிலும் ‘பி.வி.’

தமிழ் இலக்கணம் கற்போர் ‘பலபொருள் ஒருசொல்’ என்பதைத் தொடக்க வகுப்புகளிலேயே அறிந்துகொள்கின்றனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இத்தகைய சொற்களை இரு வகைப்படுத்துகிறார். தொடரில் வரும் வினையாலேயே பொருள் விளங்கிவிடுவது ஒரு வகை. வினையைக் கொண்டு பொருளைத் தெளிய இயலாதது மற்றொரு வகை. ‘மா காய்த்தது’ என்றால் மரம் என்று அறிகிறோம். ‘மா கனைத்தது’ என்றால் குதிரை என்று அறிகிறோம். ‘மா விழுந்தது’ என்றால் என்ன செய்வது? மரமும் விழும், குதிரையும் விழும். இந்த இரண்டாம் வகையில், தாம் குறித்த பொருளை விளங்கச் சொல்லும் கடமை சொல்பவருடையது என்பது அவர் வகுத்த விதி. கேட்பவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட அங்கே இடமில்லை.

இவ்விதியை இக்காலத் தொழில்நுட்பச் சுருக்கங்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு ஒரேயொரு சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்தும் இருபத்திரண்டாம் எழுத்தும் சேர்ந்த சுருக்கம் அது. தமிழில் ‘பி.வி.’ என்று எழுதுகிறோம். மின் வழங்கல் துறையில் இருப்பவரிடம் ‘பி.வி.’ என்றால், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் தகடுகளை நினைப்பார். மருந்து ஒழுங்குமுறைத் துறையில் இருப்பவரிடம் அதையே சொன்னால், மருந்துகளால் விளையும் தீங்குகளைக் கண்டறிந்து தடுக்கும் பணியை நினைப்பார். ‘பி.வி. கூரைமேல் பொருத்தப்பட்டது’ என்னும் தொடரில் குழப்பமில்லை; வினை காப்பாற்றிவிடுகிறது. ‘நாட்டின் பி.வி. அமைப்பு மேலும் வலுப்பெற வேண்டும்’ என்னும் தொடரோ ‘மா விழுந்தது’ போன்றது. அமைச்சர் ஒருவரின் உரையை மொழிபெயர்க்கும் மாணவர் இத்தொடரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

இயல்பான சொல்லுக்கும் சுருக்கத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ‘மா’ என்னும் சொல்லின் ஒவ்வொரு பொருளும் நம் பழக்கத்தில் வாழ்கிறது. சுருக்கத்தின் பொருளோ அதற்குள் இல்லை. வெளியே, விரிந்த வடிவத்தில் இருக்கிறது. அவ்விரிவு மறக்கப்பட்டால் எஞ்சுவது வெறும் ஒலி. அந்த விரிவும் கிரேக்கம், இலத்தீன் வேர்களிலிருந்து ஆங்கிலத்தில் கட்டப்பட்டதாய் இருக்கும்போது, தமிழ் வாசகர் இரண்டு மதில்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

ஒளியும் வோல்டாவும்

முதலில் மின் வழங்கலின் பி.வி.யை விரித்துப் பார்ப்போம். அதன் முற்பகுதி ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பிற்பகுதி ஒரு மனிதரின் பெயர். இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்டா, 1800ஆம் ஆண்டில் உலோகத் தட்டுகளை அடுக்கி, இடையறாது மின்னோட்டம் தரும் முதல் மின்கல அடுக்கை உருவாக்கிக் காட்டினார். மின்னழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ஆகவே பி.வி. என்பதை ஒளியும் வோல்டாவும் என்று பிரிக்கலாம். ஒளி பட்டால் மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதே அதன் கருத்து. பிரெஞ்சு அறிவியலாளர் எட்மண்ட் பெக்கரல் 1839இல் இவ்விளைவைக் கண்டறிந்தபோது அவருக்கு வயது 19. பயன்படத்தக்க சிலிக்கன் ஒளிக்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954இல் வெளியிட்டது. தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மட்டுமே அது மின்சாரமாக மாற்றியது.

இதற்குத் தமிழில் ‘ஒளிமின்னழுத்தம்’ என்று ஒரு சொல் உண்டு. சற்று நீளமானது என்பதால் ‘ஒளிமின்’ என்று அதைக் குறைத்து எழுதுவோரும் உண்டு. அங்கேதான் இடர் பிறக்கிறது. நம் இயற்பியல் பாடநூல்களில் ‘ஒளிமின் விளைவு’ என்பது வேறொன்று. உலோகத்தின்மேல் ஒளி படும்போது மின்னணுக்கள் அதைவிட்டு வெளியேறுவதை அது குறிக்கும். அதை விளக்கியதற்காகவே ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. ஒளித்தகட்டில் மின்னணு வெளியேறுவதில்லை. பொருளுக்கு உள்ளேயே, இரு அடுக்குகள் கூடும் இடத்தில் அழுத்த வேறுபாடு தோன்றி, மின்னோட்டம் சுற்றுக்குள் செல்கிறது. ‘அழுத்தம்’ என்னும் பகுதியை வெட்டினால் இரு நிகழ்வுகளும் ஒன்றாகிவிடும். நீளத்தைக் கண்டு அஞ்சி நாம் வெட்டும் உறுப்பே பொருளைத் தாங்கும் உறுப்பாக இருந்துவிடலாம். பொதுமக்களுக்கு எழுதும்போது ‘சூரியசக்தித் தகடு’ என்றே எழுதிவிடலாம். நம் நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன, வாசகரும் புரிந்துகொள்கின்றனர். இயற்பியல் வகுப்பில் மட்டும் ‘ஒளிமின்னழுத்தம்’ என்று முழுமையாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இச்சுருக்கம் இன்று அன்றாடச் செய்தியாகிவிட்டது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. காற்றாலைக்கோ பெரிய அணைகளுக்கோ இடமில்லாத தீவு வெயிலை நம்பியாக வேண்டியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தில் திறக்கப்பட்ட மிதக்கும் நிலையம் 1,22,000 தகடுகளைக் கொண்டது. அதன் திறன் 60 மெகாவாட்-உச்சம். இந்த ‘உச்சம்’ என்னும் ஒட்டு கவனத்திற்குரியது. ஆங்கிலத்தில் அலகின் பின்னே ஒரு சிறிய எழுத்தாக அது ஒட்டிக்கொண்டிருக்கும். மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் காணாமற்போகும். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, 25 பாகை செல்சியஸ் கல வெப்பநிலை என்னும் ஆய்வுக்கூட நிலையில் ஒரு தகடு தரும் திறனையே ‘உச்சம்’ குறிக்கிறது. மேகம் சூழ்ந்த பிற்பகலில் தெங்கே 60 மெகாவாட் தருவதில்லை. இரவில் எதுவும் தருவதில்லை. எரிவாயு நிலையத்தின் 60 மெகாவாட்டையும் இதையும் ஒன்றெனக் கருதும் மாணவர், அந்த ஓரெழுத்தை இழந்ததால் அவ்வாறு கருதுகிறார்.

மலேசியாவில் 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்துக்குப் பின் வீட்டுக் கூரைகளில் ஒளித்தகடுகள் பரவின. 2016ஆம் ஆண்டு நவம்பரில், தகடுகள் தரும் மிகை மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் நிகர அளவீட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் ஆங்கிலச் சுருக்கம் ‘என்.இ.எம்.’ 2010இல் அறிவிக்கப்பட்ட ‘புதிய பொருளாதார மாதிரி’யின் சுருக்கமும் அதுவே. ஒரே நாட்டில், ஆறே ஆண்டுகளில், ஒரே மூன்றெழுத்துக்கு இரு பொருள்.

மருந்தும் விழிப்பும்

இனி, மருந்துத் துறையின் பி.வி. இது ஒரு கொடுந்துயரிலிருந்து வளர்ந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் ‘தாலிடோமைட்’ என்னும் உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. தீங்கற்றது என்று விளம்பரம் செய்யப்பட்டு, கருவுற்ற தாய்மாரின் குமட்டலுக்கும் அது கொடுக்கப்பட்டது. கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் ஆகிய மருத்துவர்கள் தனித்தனியே மருந்தின்மேல் ஐயம் கொண்டனர். 1961 நவம்பர் இறுதியில் அது ஜெர்மானியச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர்.

தனித்தனி மருத்துவர்களின் ஐயங்களை ஓரிடத்தில் தொகுத்திருந்தால் உண்மை முன்னரே வெளிப்பட்டிருக்கும் என்பதை உலகம் உணர்ந்தது. பிரிட்டன் 1964இல், மருத்துவர்கள் எழுதி அனுப்பும் ‘மஞ்சள் அட்டை’ முறையைத் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1968இல் பத்து நாடுகளுடன் ஓர் அனைத்துலகத் திட்டத்தை முன்னோட்டமாக நடத்தியது. மலேசியா 1990இல் அதன் 30ஆம் உறுப்பு நாடாயிற்று. இந்தப் பணிக்கே பின்னர் பிரெஞ்சு வழியாக அந்த நீண்ட பெயர் வந்தது.

ஒரு மருந்து சந்தைக்கு வருமுன் சோதிக்கப்படுகிறதே, பிறகு ஏன் இந்தக் கண்காணிப்பு என்று மாணவர் வினவலாம். விடை எண்ணிக்கையில் இருக்கிறது. சோதனைகளில் பங்கேற்போர் பொதுவாகச் சில ஆயிரம் பேர். பத்தாயிரத்தில் ஒருவருக்கு ஏற்படும் தீங்கு ஒன்றை ஒருமுறையேனும் காண, 95 விழுக்காடு உறுதி வேண்டுமெனில், ஏறத்தாழ 30,000 பேரைச் சோதிக்க வேண்டும். ஆகவே அரிய தீங்குகள் இலட்சக்கணக்கானோர் மருந்தை உட்கொண்ட பிறகே வெளிப்படும். அப்போது அதைக் கண்டு சொல்ல வேண்டியவர் ஆய்வாளர் அல்லர். மருத்துவர், மருந்தாளர், நோயாளி, நோயாளியின் மகள் ஆகியோரே. மலேசியாவின் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமைக்குப் பொதுமக்களே முறையீடு அனுப்பலாம். அனுப்பலாம் என்பது தெரிந்தால்தானே அனுப்புவர்? ‘பி.வி. அறிக்கை அளிக்கவும்’ என்று ஒரு துண்டறிக்கை சொன்னால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. சுருக்கத்தை விரிக்காத ஒரு தொடரால் எங்கோ ஒரு தீங்கு பதிவாகாமற்போகலாம். இத்துறையில் தெளிவான மொழி பாதுகாப்பு ஏற்பாட்டின் ஓர் உறுப்பு.

இப்பெயரின் வேர்களைப் பார்ப்போம். முற்பகுதி ‘ஃபார்மகோன்’ என்னும் கிரேக்கச் சொல். அது நோய் தீர்க்கும் மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். கிரேக்கரின் விந்தை என்று இதைச் சொல்லிவிட வேண்டா. நம் ‘மருந்து’ மட்டும் என்னவாம்? வெடிமருந்து என்கிறோம். வசியத்துக்கு உணவில் கலப்பதை இடுமருந்து என்கிறோம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவருக்கு ‘மருந்தடிப்பது’ என்றால் களைக்கொல்லி தெளிப்பதுதான். முதுகில் கலனைச் சுமந்து தோட்டத் தொழிலாளப் பெண்கள் பல்லாண்டுக்காலம் தெளித்த பாராகுவாட்டும் அவர்கள் வாயில் ‘மருந்து’தான், மலேசியா 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அதை முற்றாகத் தடை செய்தது. ‘மருந்து குடித்துவிட்டார்’ என்று ஊரில் செய்தி வந்தால் எவரும் அதை இருமல் மருந்து என்று எண்ணுவதில்லை. காப்பதும் கொல்வதும் ஒரே பொருளாக இருக்கக்கூடும் என்னும் அறிவு நம் சொல்லிலேயே பதிந்து கிடக்கிறது. மருந்தைக் கண்காணிக்க வேண்டும் என்னும் கருத்தைத் தமிழ் மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

பிற்பகுதி, விழித்திருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். இதற்கு ‘விழிப்பு’ என்பதே நேர்ச்சொல். ஆனால் ‘மருந்து விழிப்புணர்வு’ என்று எழுதினால், மருந்தைப் பற்றிய பரப்புரை என்று பொருள்பட்டுவிடும். அது வேறு பணி. ‘கண்காணிப்பு’ என்பதே வழக்கில் நிலைத்திருக்கிறது. இச்சொல்லுக்கு இந்நாடுகளில் ஒரு நிழலும் உண்டு. கண்காணி என்பதே பேச்சில் கங்காணியாகி, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து, அவர்களை மேய்த்தவரின் பதவிப் பெயராயிற்று. மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை அச்சொல்லில் ஒட்டியிருக்கிறது. மருந்துப் பணியிலோ கீழிருப்பவரின் அறிக்கை மேலே செல்ல வேண்டும். எனினும் வேறொரு புதுச்சொல்லைப் புனைந்து மாணவரைத் திகைக்கச் செய்வதைவிட, ‘மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு’ என்று மூன்று சொற்களில் விளக்கமாக எழுதுவதே தக்கது என்பது நம் கருத்து. எதைக் கண்காணிக்கிறோம் என்பதை ‘பாதுகாப்பு’ என்னும் நடுச்சொல் காட்டிவிடுகிறது. மலாய்மொழி ‘ஃபார்மகோவிகிலன்ஸ்’ என்றே கடன் கொண்டுவிட்டது. அது அம்மொழியின் வழி. அதிலும் குறை காண்பதற்கில்லை.

மருந்து ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு உள்ளேயே பி.வி.க்கு இன்னொரு பொருள் இருக்கிறது. ஒரு மருந்தை ஒரே தரத்தில் திரும்பத் திரும்ப உருவாக்க முடியும் என்பதை, வழக்கமாக அடுத்தடுத்த மூன்று உற்பத்தித் தொகுதிகளைக் கொண்டு, தொழிற்சாலை மெய்ப்பிக்க வேண்டும். அந்த மெய்ப்பிப்புக்கும் அதே ஈரெழுத்துச் சுருக்கம். ஆகவே துறை தெரிந்தால் பொருள் தெரியும் என்னும் ஆறுதலும் முழுமையானதன்று.

இ.எம்.ஏ.வின் விளையாட்டு

துறைக்குத் துறை மட்டுமின்றி, நாட்டுக்கு நாடும் பொருள் மாறுவதற்கு ‘இ.எம்.ஏ.’ ஓர் அழகிய சான்று. சிங்கப்பூரில் அது எரிசக்திச் சந்தை ஆணையம்; மின்சாரத்தையும் குழாய்வழி எரிவாயுவையும் ஒழுங்குபடுத்துவது. ஐரோப்பாவில் அதே மூன்றெழுத்து ஐரோப்பிய மருந்து முகமையைக் குறிக்கும். 1995இல் லண்டனில் பணி தொடங்கி, 2019இல் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறிய அமைப்பு அது. 2009ஆம் ஆண்டு டிசம்பர்வரை அதன் சுருக்கத்தில் நான்கு எழுத்துகள் இருந்தன. ஓரெழுத்தைக் கைவிட்டதால் சிங்கப்பூரின் மின் ஆணையத்தோடு பெயரளவில் ஒன்றாயிற்று. ஆக, ‘புதிய தடுப்பூசிக்கு இ.எம்.ஏ. ஒப்புதல்’ என்னும் ஐரோப்பியச் செய்தியை விரிக்காமல் தமிழில் தந்தால், மின்கட்டணத்தைப் பார்த்துப் பழகிய சிங்கப்பூர் வாசகர் எதை நினைப்பார்?

சிங்கப்பூரில் மருந்துகளை ஒழுங்குபடுத்துவது சுகாதார அறிவியல் ஆணையம். அதுவும் எரிசக்திச் சந்தை ஆணையமும் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒருசேரத் தோன்றியவை. ஓர் ஆணையம் ஒரு பி.வி.யையும் மற்றோர் ஆணையம் மற்றொரு பி.வி.யையும் அன்று முதல் கவனித்து வருகின்றன. இவ்விரு தமிழ்ப் பெயர்களும் நன்றாகவே அமைந்துள்ளன. அவற்றை முழுமையாக எழுதுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

தமிழில் சுருக்கமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ‘கி.மு.’, ‘கி.பி.’ ஆகியவை எத்துணைக் காலமாக நம்மோடு இருக்கின்றன! சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ‘வீவக’ ஆயிற்று. மத்திய சேம நிதி ‘மசேநி’ ஆயிற்று. மலேசியாவில் ‘ம.இ.கா.’ என்பதை விளக்கத் தேவையில்லை. இவை நிலைத்ததற்குக் காரணம் உண்டு. முதலில் முழுத் தமிழ்ப் பெயர் நாளிதழிலும் வானொலியிலும் ஆயிரம் முறை ஒலித்தது. காது அதற்குப் பழகிய பின்னரே அது சுருங்கிற்று. மேலும், தமிழ்ச் சுருக்கம் தனியெழுத்தாக நில்லாமல் அசையாக நிற்கிறது. ‘வீ’ என்றதும் வீடு நினைவுக்கு வருகிறது. ‘சே’ என்றதும் சேமிப்பு நினைவுக்கு வருகிறது. ஆங்கிலச் சுருக்கத்தின் எழுத்துப் பெயர்களைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதும்போது இந்த நினைவூட்டல் எதுவும் நிகழ்வதில்லை.

அதற்கு மேலும் ஓர் இடையூறு உண்டு. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்துக்கும் பதினாறாம் எழுத்துக்கும் தமிழில் ‘பி’ ஒன்றே. நான்காம் எழுத்துக்கும் இருபதாம் எழுத்துக்கும் ‘டி’ ஒன்றே. வீட்டுச் சுவரில் மின்தடுப்பான்கள் அடங்கிய பகிர்வுப் பெட்டியை மின்பணியாளர் ‘டி.பி.’ என்பார், தாதியர் ‘டி.பி.’ என்றால் காசநோய். ஆங்கிலத்தில் வேறுபட்டு நிற்கும் இரு சுருக்கங்களைத் தமிழெழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு மடங்காக இருந்த குழப்பம் தமிழில் இரு மடங்காகிறது. மலேசிய மருந்துப் பெட்டிகளில் பதிவெண்ணின் முன்னே அச்சாகும் மூன்றெழுத்தை ‘மால்’ என்று எழுதினாலோ, திருமாலும் மயக்கமும் மாணவர் மனத்தில் வந்து நிற்பர். மயக்கம் என்னும் பொருள் இவ்விடத்துக்குப் பொருத்தமே என்று நகைப்பவரும் இருக்கலாம்.

அலகுகளில் இது நகைப்புக்குரியதன்று. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், பயன்படுத்தக்கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை 2004இல் வெளியிட்டது. ‘அலகு’ என்பதைக் குறிக்கும் ஓரெழுத்துச் சுருக்கம் அதில் இடம்பெற்றது. கையெழுத்தில் அது சுழியம் போலத் தோன்றும். 10 அலகு இன்சுலின் 100 ஆகிவிடும். தமிழில் நாம் ‘மி.கி.’ என்று மில்லிகிராமையும் ‘மை.கி.’ என்று மைக்ரோகிராமையும் குறிக்கிறோம். இரண்டுக்கும் இடையே ஓர் உயிர்க்குறி மட்டுமே வேறுபாடு. அளவிலோ ஆயிரம் மடங்கு. மின்துறையில் நிலைமை இன்னும் மோசம். ‘கி.வா.’ என்பது கிலோவாட். ‘கிகாவாட்’ என்று எழுதிச் சுருக்கினால் அதுவும் ‘கி.வா.’ தான். வீட்டுக் கூரையின் 5 கி.வா.வும் ஒரு நாட்டின் 5 கி.வா.வும் பத்து இலட்சம் மடங்கு வேறுபட்டவை. சிங்கப்பூரின் பசுமைத் திட்டம் 2030ஆம் ஆண்டுக்கென 2021இல் வகுத்த இலக்கு, குறைந்தது 2 கிகாவாட்-உச்ச சூரியசக்தி. அதை ‘2 கி.வா.’ என்று எழுதும் மாணவர், நாட்டின் இலக்கை ஓர் அடுக்குமாடி வீட்டின் குளிரூட்டிக்குப் போதுமானதாகச் சுருக்கிவிடுகிறார். ‘ஜிகாவாட்’ என்று வடவெழுத்தோடு எழுதுவதைச் சிலர் விரும்புவதில்லை. எழுத்தைப் பற்றிய அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஆற்றலின் அலகுகளையும் மருந்தின் அலகுகளையும் சுருக்காமல் முழுமையாக எழுதுவோமானால் இரு தரப்பாருக்கும் இடர் இல்லை.

வகுப்பறையில் நாம் பின்பற்றத்தக்க நடைமுறை எளியது. தேர்வுத்தாளிலோ பயிற்சிப் பகுதியிலோ தொழில்நுட்பச் சுருக்கம் வந்தால், முதல்முறை முழுத் தமிழ்ப் பெயரையே எழுதச் சொல்லலாம். சுருக்கம் பின்னர் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆங்கில எழுத்து வடிவங்களை மாணவர் கண்ணால் அறிந்துவைத்திருப்பதும் தேவை. ஏனெனில் மின்மானியிலும் மருந்துப் பெட்டியிலும் அவைதாம் அச்சாகியிருக்கும். ஐரோப்பாவில் கூடுதல் கண்காணிப்புக்கு உரிய மருந்துகளின் விளக்கத்தாளில், 2013 முதல், தலைகீழான கருப்பு முக்கோணம் ஒன்றை அச்சிடுகின்றனர். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் புழங்கும் நிலப்பரப்பில் அவர்கள் எழுத்தை மட்டும் நம்பவில்லை. முக்கோணத்தின் அருகே அதன் பொருளை அந்தந்த நாட்டு மொழியில் ஒரு முழு வாக்கியமாகவும் எழுதிவிடுகின்றனர்.

எஞ்சியிருப்பது, தொழிற்சாலை மெய்ப்பிப்பைக் குறிக்கும் அந்த மூன்றாம் பி.வி. ‘உற்பத்திமுறை ஏற்புறுதி’ என்று ஒரு வழி உண்டு. ‘செயல்முறைச் செல்லுபடிச் சோதனை’ என்று மற்றொரு வழி உண்டு. முன்னது செறிவானது, ஆனால் யார் ஏற்பது, எதற்கு உறுதி என்று கேட்கத் தோன்றும். பின்னதில் வரும் ‘செல்லுபடி’ காசோலையையும் கடப்பிதழையும் நினைவூட்டுகிறது. ‘உற்பத்திமுறை மெய்ப்பிப்பு’ என்பது இவ்விரண்டைவிட நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மருந்தாளுமை பயிலும் தமிழ் மாணவர்கள் தம் ஆய்வேட்டுச் சுருக்கங்களில் எழுதிப் பார்த்து, எது நிற்கிறதென்று சொல்லலாம்.